நீள்பாட்டின் வரலாறு – 11: சந்தைச் சதுக்கத்தின் பிள்ளைகள்

1977இல் பங்க் வந்தது, புரோகிரசிவ் ராக் செத்தது. ராக் இசையின் கதையைச் சொல்லும் பல நூல்கள் எழுபதுகளை இப்படித்தான் முடிக்கின்றன. மூன்று கார்டுகளும் ஆத்திரமும் போதும் என்று வந்த இளைஞர்கள், இருபது நிமிடப் பாட்டுகளையும் ஏழு எண்ணிக்கை, ஒன்பது எண்ணிக்கைத் தாளங்களையும் மூட்டைகட்டி அனுப்பிவிட்டார்கள். பிறகு 1983இல் மரில்லியன் என்றொரு குழு எங்கிருந்தோ வந்து, பழைய ஜெனிசிஸ் குழுவின் உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டு சில வருடம் ஆடியது என்பது அந்தக் கதை. முதல் தலைமுறையின் எழுச்சியையும் தளர்ச்சியையும் சென்ற அத்தியாயம் வரை பார்த்தோம். அந்தத் தளர்ச்சிக்குப் பின் நடந்ததை இந்தக் கதை சரியாகச் சொல்கிறதா என்று இப்போது சோதிக்க வேண்டும். எழுபதுகளின் இறுதியில் இந்த இசைக்குப் பசி குறையவில்லை, இசைக்கும் வெளியூர்க் கேட்பாளர்களுக்கும் இடையே இருந்த போக்குவரத்துதான் அற்றுப்போனது என்பது என் வாதம். அந்தப் போக்குவரத்தை லண்டனுக்கு வெளியே இருந்த சிறு நகரங்களின் மேடைகள் மறுபடி உண்டாக்கின. எண்பதுகளின் புதிய புரோகிரசிவ் ராக் அந்த மேடைகளின் விளைச்சல்.

முதலில் உச்சியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். 1977இல் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு ஏறத்தாழ எழுபது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவைக் கூட்டிக்கொண்டு வட அமெரிக்கப் பயணம் கிளம்பியது. சில நிகழ்ச்சிகளிலேயே செலவு கழுத்தை நெரித்தது. ஆர்கெஸ்ட்ராவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூவரும் மட்டும் மிச்சப் பயணத்தைத் தொடர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில் பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ், முன்வரிசையில் இரைச்சலிட்ட ஒரு ரசிகரின் மீது எச்சில் உமிழ்ந்தார். தனக்கும் கேட்பவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிட்டது என்ற அருவருப்பிலிருந்தே ‘தி வால்’ பிறந்தது என்று அவரே பின்னால் சொன்னார். அந்த ஆல்பத்தை மேடையேற்றியபோது 1980–81இல் மொத்தம் 31 நிகழ்ச்சிகள் நடந்தன. எத்தனை ஊர்களில்? லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் அருகே யூனியன்டேல், லண்டன், ஜெர்மனியின் டார்ட்மண்ட் என நாலே நாலு ஊர்களில். அவ்வளவு பெரிய சுவரைக் கட்டவும் இடிக்கவும் வேண்டிய கருவிகளை ஐந்தாவது ஊருக்குத் தூக்கிச் செல்வது கட்டுப்படியாகவில்லை. ஆல்பமோ உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றது. கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது. கேட்கிறவர்கள் இருந்த ஊர்களுக்கு இசை போக முடியாமல் போனது என்றுதான் சொல்ல முடியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதே. ஜெனிசிஸ் குழு 1980இல் ‘டியூக்’ ஆல்பத்துக்காகப் பிரிட்டன் முழுவதும் நடுத்தர அரங்குகளில்தானே சுற்றி வந்தது? ஆம். அதை மறைக்கத் தேவையில்லை. பெரிய குழு ஒன்று தன் பழைய வழித்தடத்துக்குத் திரும்பி வந்தபோது இடம் போதாமல் போகும் அளவுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள் என்பதையே அந்தப் பயணம் காட்டியது. ஆனால் அப்போது ஜெனிசிஸ் கொண்டுவந்த பாட்டுகள் சுருங்கத் தொடங்கியிருந்தன. பீட்டர் கேப்ரியல் 1975இலும் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் 1977இலும் விலகியிருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் விருந்தாளி ஒரு ஊரின் பசியைத் தீர்க்க முடியாது. வாராவாரம் நீள்பாட்டைக் கேட்டுப் பழகியிருந்த அறைகள் அப்படியே இருந்தன. அவற்றில் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது.

அத்தகைய அறைகளில் ஒன்றைச் சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் என் வாதத்தின் பாதிச் சுமை அதன் தோளில்தான் இருக்கிறது. லண்டனுக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டரில் பக்கிங்ஹாம்ஷையரின் ஏல்ஸ்பரி என்ற சந்தை நகரம் இருக்கிறது. வாத்துகளுக்குப் பேர்போன ஊர். 1969 ஜூனில் டேவிட் ஸ்டாப்ஸ் என்ற இளைஞரும் நண்பர்களும் அங்கே ‘ஃப்ரையர்ஸ்’ என்ற பெயரில் ஒரு இசை மன்றத்தைத் தொடங்கினார்கள். சொந்தக் கட்டடம் கிடையாது. ஊரில் வாடகைக்குக் கிடைத்த மண்டபம்தான். உறுப்பினர் அட்டை வாங்கினால் உள்ளே வரலாம். சில ஆண்டுகளில் சந்தைச் சதுக்கத்தின் ஓரத்திலிருந்த நகர மண்டபத்துக்கும், 1975இல் புதிதாகக் கட்டிய சிவிக் ஹாலுக்கும் மன்றம் இடம் மாறியது. டேவிட் போவி தன் சிக்கி ஸ்டார்டஸ்ட் வேடத்தை முதன்முதலில் மக்கள் முன் கொண்டுவந்த இடங்களில் அந்த நகர மண்டபமும் ஒன்று; 1972 ஜனவரியில் அது நடந்தது. அதை நினைவுகூரும் போவி சிலை 2018 முதல் அந்தச் சதுக்கத்திலேயே நிற்கிறது. உறுப்பினர் அட்டை என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் அதுதான் ஒரு மண்டபத்தை மன்றமாக்கியது. யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்து வருகிற கூட்டம் வேறு, இந்த வாரம் என்ன புதிதாகக் கிடைக்கும் என்று வருகிற கூட்டம் வேறு. பெயர் தெரியாத குழுவின் பதினைந்து நிமிடப் பாட்டை எழுந்து போகாமல் கேட்கும் பொறுமை இரண்டாவது கூட்டத்துக்குத்தான் உண்டு.

ஜெனிசிஸ் அங்கே 1970இலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டது. அப்போது அவர்களுடைய இசைத்தட்டுகள் விற்கவில்லை. 1971இன் தொடக்கத்தில் அவர்களது நிறுவனமான கரிஸ்மா, வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், லிண்டிஸ்ஃபார்ன், ஜெனிசிஸ் என்ற மூன்று குழுக்களையும் ஒன்றாக அனுப்பி, நுழைவுச்சீட்டு ஆறு ஷில்லிங் மட்டுமே என்று வைத்து ஊர் ஊராகச் சுற்றவைத்தது. அந்த ஆண்டு ஜூனில் ஃப்ரையர்ஸ் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பாய்ந்த கேப்ரியலுக்குக் கணுக்கால் முறிந்தது. இதையெல்லாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஜெனிசிஸின் மேடைக்கலை என்று பிற்காலத்தில் எல்லோரும் வியந்தது அந்த மேடைகளின் நெருக்கடியிலிருந்து முளைத்தது என்பதற்காகவே சொல்கிறேன். பன்னிரண்டு தந்திக் கிட்டார்களைப் பாட்டுக்குப் பாட்டு மறுபடி சுருதி சேர்க்க நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் மண்டபம் அமைதியிழக்காமல் இருக்க கேப்ரியல் விபரீதக் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். கதை வளர்ந்து நடிப்பானது. 1972 செப்டம்பரில் டப்ளினின் குத்துச்சண்டை அரங்கில் அவர் மனைவியின் சிவப்பு உடையும் நரித்தலையும் அணிந்து வந்தபோது நடிப்பு வேடமானது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து யோசித்தால் இவற்றில் ஒன்றுக்கும் தேவையே இருந்திருக்காது. சொந்த நாட்டில் அப்போது விற்பனைப் பட்டியலில் இடம்பெறாத அவர்களது ‘நர்சரி கிரைம்’ இத்தாலியில் நான்காம் இடத்தைத் தொட்டதும், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டரின் ‘பான் ஹார்ட்ஸ்’ 1972இல் அங்கே வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. அந்த இரண்டு குழுக்களும் அந்த ஆண்டு இத்தாலியின் ஊர்களில் நேரில் போய் வாசித்தவை.

இப்போது எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்புக்கு வருவோம். வெளியூர் மேடைகள்தான் காரணம் என்றால், அதே மேடைகளில்தானே பங்க்கும் வளர்ந்தது? ஃப்ரையர்ஸிலேயே 1977 மார்ச்சில் இகி பாப் வந்தார், பின்னால் கீபோர்டு வாசித்தவர் போவி. அதே ஆண்டு ரமோன்ஸும் டாக்கிங் ஹெட்ஸும் வந்தன. அடுத்த ஆண்டு கிளாஷ் வந்தது. ஒரே மண்ணில் நெல்லும் கள்ளியும் முளைத்தால், நெல் முளைத்ததற்கு மண்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு நகர முடியாது. என் பதில் இரண்டு பகுதிகளாக இருக்கிறது. மேடை இருந்தால் புரோகிரசிவ் ராக் பிறந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. மேடை இல்லாமல் அது பிறந்திருக்காது என்று சொல்கிறேன். இரண்டாவது பகுதி இன்னும் முக்கியமானது. பங்க்கைப் புரோகிரசிவ் ராக்கின் எமனாகப் பார்த்த பார்வை, பங்க் அந்தப் புதிய தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்க்கத் தவறியது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, கடன் வாங்கிய 500 பவுண்டைக்கொண்டு ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற சிறு இசைத்தட்டைத் தாங்களே பதிந்து தாங்களே வெளியிட்டது. லண்டன் நிறுவனத்தின் வாசலில் நிற்காமலேயே ஒரு குழு இசைத்தட்டு போடலாம், நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்யலாம், கேட்பவரிடம் நேராகப் போகலாம் என்பதை அதற்குப் பிறகு நாடெங்கும் இருந்த இளைஞர்கள் கண்கூடாகக் கண்டார்கள். பங்க் இளைஞர்கள் அதை மூன்று நிமிடப் பாட்டுக்குப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய வகுப்புத் தோழர்கள் சிலர் பதினேழு நிமிடப் பாட்டுக்குப் பயன்படுத்தினார்கள்.

அந்த வகுப்புத் தோழர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மரில்லியன் ஏல்ஸ்பரி. ட்வெல்ஃப்த் நைட் ரெடிங் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஐக்யூ தென்கடற்கரையின் சவுத்தாம்ப்டன். பல்லாஸ் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் அபர்டீன். பெண்ட்ராகன் குளோஸ்டர்ஷையரின் ஸ்ட்ரவுட். சோல்ஸ்டிஸ், புதுநகரமாகக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்த மில்டன் கீன்ஸ். இந்த அலையின் முக்கியமான ஆறு குழுக்களில் லண்டனில் பிறந்தது ஒன்றுகூட இல்லை. லண்டன் பத்திரிகைகளின் ரசனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற கவலை அந்த ஊர்களை அவ்வளவாகத் தொடவில்லை. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. வேலை இல்லாத இளைஞனிடம் பணம் இல்லை, ஆனால் ஒரு தாள இடைவெளியை நாற்பது முறை ஒத்திகை பார்க்க நேரம் இருந்தது. கருவிகளும் சிறியவையாகிவிட்டன. முதல் தலைமுறையின் ஹேமண்ட் ஆர்கனைப் படியேற்ற நான்கு பேர் வேண்டும். மெல்லோட்ரான் என்ற ஒலிநாடாக் கீபோர்டு, வேன் குலுங்கினாலே பழுதாகும். 1978இல் வந்த புரோஃபெட்-5 போன்ற சிந்தசைசர்களை ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். காலால் மிதித்து ஆழ்ந்த பேஸ் ஒலி எழுப்பும் மூக் டாரஸ் பெடலும் சேர்ந்தபோது, ஐந்து பேரும் ஒரு பழைய வேனும் இருந்தால் ஒரு கதீட்ரலின் ஒலியை ஒரு பப்பின் மேல்மாடியில் எழுப்ப முடிந்தது. சிறு மேடைக்குள் நீள்பாட்டு நுழைய முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்; ரசனை வரலாறு எழுதுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மேடை இந்த இசையை எப்படி வளர்த்தது என்பதற்கு ட்வெல்ஃப்த் நைட் தரும் சான்றைவிடச் சிறந்ததை நான் அறியேன். ரெடிங்கில் ‘டார்கெட்’ என்றொரு பப். அங்கே 1981 ஜனவரியில் வாசித்ததைப் பதிவு செய்து, அந்த ஆண்டே அந்தக் குழு ‘லைவ் அட் தி டார்கெட்’ என்று வெளியிட்டது. முதல் முழு இசைத்தட்டையே பப்பில் எடுத்த பதிவாக வெளியிட்ட குழு அது என்பதை நினைவில் வையுங்கள். அப்போது அந்தக் குழுவில் பாடகர் இல்லை. அதில் ‘சீக்வென்சஸ்’ என்ற நீண்ட உருப்படி பதினேழு நிமிடம் போகிறது, முழுக்கக் கருவியிசை. அந்த ஆண்டின் கடைசியில் ஜெஃப் மேன் பாடகராகச் சேர்ந்தார். ஓவியம் பயின்றவர், பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையில் பாதிரியாரானவர், 1993இல் இளம் வயதிலேயே இறந்தவர். ஏற்கெனவே ஊர் ஊராக வாசித்துக் கெட்டிப்பட்டிருந்த அந்தக் கருவியிசைக்குள் அவர் முதல் உலகப் போருக்குப் புறப்பட்டுப் போகும் ஒரு சிப்பாயின் கதையைக் கொண்டுவந்தார். உற்சாகமாகத் துள்ளிய பகுதி ஆள்சேர்ப்பு ஊர்வலமானது; இரைந்த பகுதி அகழியானது. 1983 நவம்பரில் லண்டன் மார்க்கீ அரங்கில் மேன் விடைபெற்ற நிகழ்ச்சிகளின் பதிவான ‘லைவ் அண்ட் லெட் லிவ்’ இசைத்தட்டில் அதே உருப்படியைக் கேட்கலாம். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, ஒரு இசைப்படைப்பு மூன்றாண்டு காலம் கேட்பவர்கள் முன்னாலேயே வளர்ந்தது புலப்படும். எந்த இடத்தில் கூட்டம் மூச்சை அடக்குகிறது, எந்த இடத்தில் கவனம் சிதறுகிறது என்று நூறு இரவுகளில் கற்றுக்கொள்ளாமல் இப்படி ஒரு கட்டுமானம் அமையாது. அந்த அலையின் மிக உயர்ந்த சாதனை என்று என்னைக் கேட்டால் நான் காட்டுவது மரில்லியனின் எந்த ஆல்பத்தையும் அல்ல, இந்தப் பதிவைத்தான்.

மற்ற குழுக்களும் அதே வழியில்தான் நடந்தன. பல்லாஸ் 1981இல் வெளியிட்ட ‘அரைவ் அலைவ்’ ஒரு நேரடி நிகழ்ச்சிப் பதிவு. ஐக்யூ 1982இல் ‘செவன் ஸ்டோரீஸ் இன்டு எய்ட்’ என்ற கேசட்டைத் தானே தயாரித்து விற்றது. இந்தக் கேசட்டுகள் பெருமளவில் கைமாறியது நிகழ்ச்சி முடிந்த மண்டபத்தின் வாசலில். ஒரு ஊரில் கேட்டவர் கேசட்டை அடுத்த ஊர் நண்பருக்குக் கொடுக்க, அந்த ஊருக்குக் குழு போகும்போது ஐம்பது பேர் பாட்டை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டு வந்து நிற்பார்கள்.

மரில்லியனின் கதை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் என் வாதத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டோல்கீனின் ‘சில்மரில்லியன்’ நூலிலிருந்து பெயர் எடுத்து 1979இல் தொடங்கிய குழு பிறகு பெயரைச் சுருக்கிக்கொண்டது. ஸ்காட்லாந்தின் டால்கீத் நகரைச் சேர்ந்த டெரெக் டிக், எல்லோரும் ஃபிஷ் என்று அழைத்தவர், 1981 தொடக்கத்தில் பாடகராக வந்தார். ஏல்ஸ்பரிக்கு அருகிலுள்ள பிஸ்டர் ஊரின் ரெட் லயன் பப்பில் மார்ச் மாதம் அவரது முதல் நிகழ்ச்சி நடந்தது. 1982 பிப்ரவரியில் பிபிசி ரேடியோ 1இல் டாமி வான்ஸ் நடத்திய வெள்ளிக்கிழமை ராக் நிகழ்ச்சிக்கு அவர்கள் மூன்று உருப்படிகள் பதிந்தார்கள். அவற்றில் ஒன்று ‘ஃபர்காட்டன் சன்ஸ்’, வட அயர்லாந்துக்கு அனுப்பப்பட்ட இளம் சிப்பாய்களைப் பற்றியது. அதுவே 1983 மார்ச்சில் வந்த முதல் ஆல்பமான ‘ஸ்கிரிப்ட் ஃபார் எ ஜெஸ்டர்ஸ் டியர்’இன் நிறைவுப் பாட்டானது. இடைப்பட்ட காலத்தில் அது நாடெங்கும் மேடை மேடையாகப் பாடப்பட்டது. முதல் சிங்கிளான ‘மார்க்கெட் ஸ்கொயர் ஹீரோஸ்’, தலைப்பிலேயே ஏல்ஸ்பரிச் சந்தைச் சதுக்கத்தைச் சுமந்துகொண்டு 1982 அக்டோபரில் வந்தது. வேலையற்ற கூட்டத்தைத் திரட்டக் கிளம்பும் ஒரு தலைவனின் குரல் அதில் பேசுகிறது. விற்பனைப் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள் அது வரவில்லை. அடுத்த சிங்கிள் 35ஆம் இடத்தோடு நின்றது. ஆனால் ஆல்பம் வந்ததும் ஏழாம் இடத்துக்குப் போனது. சிங்கிள் ஓடாமல் ஆல்பம் ஏறுகிறது என்றால், ரேடியோவில் ஒரு பாட்டைக் கேட்டு மயங்கியவர்கள் அதை வாங்கவில்லை. முழு இரவும் அந்தக் குழுவைக் கேட்டிருந்தவர்கள் வாங்கினார்கள்.

லண்டன் மார்க்கீ அரங்கும் இஎம்ஐ நிறுவனமும் பிபிசியும் இல்லாமல் மரில்லியன் வந்திருக்குமா என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவற்றின் பங்கை நான் மறுக்கவில்லை. மார்க்கீ ஒரு காட்சிமாடம். அங்கே நிறுவன ஆட்கள் வருவார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். ரெட் லயன் பப் 1981, வானொலிப் பதிவு 1982 பிப்ரவரி, இஎம்ஐ ஒப்பந்தம் அந்த ஆண்டின் பிற்பகுதி. நிறுவனம் வந்தபோது மண்டபங்கள் ஏற்கெனவே நிரம்பிக்கொண்டிருந்தன. 1983 ஆகஸ்டில் ரெடிங் திருவிழா மேடையில் மரில்லியன், பல்லாஸ், ட்வெல்ஃப்த் நைட் எல்லாமே இடம்பெற்றபோது லண்டன் பத்திரிகைகள் இதை ஒரு அலை என்று எழுதத் தொடங்கின. அலை ஏல்ஸ்பரியிலும் ரெடிங்கிலும் அபர்டீனிலும் மூன்றாண்டுகளாக அடித்துக்கொண்டிருந்தது.

இனி நகல் என்ற குற்றச்சாட்டு. இதில் உண்மை இல்லாமலில்லை. மரில்லியன் தன் முதல் சிங்கிளின் பின்பக்கத்தில் வைத்த ‘கிரெண்டல்’ பதினேழு நிமிடத்துக்கும் மேலே போகிறது. அதன் ஒரு பகுதியை ஜெனிசிஸின் ‘சப்பர்ஸ் ரெடி’யோடு பக்கத்தில் வைத்துக் கேட்டால் கடன் வாங்கியது அப்பட்டமாகத் தெரியும். ஃபிஷ் முகத்தில் பூசிய வண்ணமும் கேப்ரியலை நினைவூட்டியது. ஆனால் நகல் என்பவர்கள் ஒன்றை விளக்க வேண்டும். எல்லாரும் நகலெடுத்தே தொடங்கினால், மூன்று நான்கு ஆண்டுகளில் அவர்கள் ஏன் ஒருவரைப்போல ஒருவர் இல்லாமல் போனார்கள்? கிரெண்டலை மரில்லியன் விரைவிலேயே தன் நிகழ்ச்சிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஜெஃப் மேனின் வறண்ட கோபத்துக்கு ஜெனிசிஸில் மூலமே இல்லை. கேப்ரியலின் கதைகள் ஆங்கிலத் தேவதைக்கதைத் தோட்டத்தில் நடந்தன. ஃபிஷ்ஷின் பாட்டுகளில் போதை, மதுக்கடை, கைவிட்டுப்போன காதல், பெல்பாஸ்ட் தெரு. நகலெடுத்தவர்களை இந்த இடத்துக்குத் தள்ளியது எது என்று கேட்டால், முன்னால் நின்று கேட்டவர்கள்தான் என்று நான் சொல்வேன். வேலை இழந்த ஊரில் சனிக்கிழமை இரவு வந்து நிற்பவர்களுக்கு முன்னால் நின்று பூந்தோட்டத்தைப் பற்றி எத்தனை நாள் பாட முடியும்? மேடை பழைய வடிவத்தைக் காப்பாற்றியது. புதிய பொருளையும் கேட்டு வாங்கியது.

இதற்கு உரைகல் 1985இல் கிடைக்கிறது. மரில்லியனின் மூன்றாவது ஆல்பமான ‘மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்’ இரண்டு பக்கங்களிலும் இடைவெளியின்றி ஓடும் ஒரே தொடர்ப் படைப்பு. சிங்கிள்களின் காலத்தில் இது தற்கொலை என்று நிறுவனம் அஞ்சியதில் வியப்பில்லை. ஆனால் குழுவுக்கு அச்சம் இல்லை, ஏனென்றால் அதன் முதல் பாதியை அவர்கள் 1984 டிசம்பரிலேயே பிரிட்டிஷ் மேடைகளில் வாசித்துப் பார்த்துவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில்தான் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் கிறிஸ் கிம்சியின் தயாரிப்பில் அதைப் பதிந்தார்கள். பல்லாஸுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். ‘அட்லாண்டிஸ்’ தொடரை அந்தக் குழு மேடையில் ஒரே படைப்பாக வளர்த்திருந்தது. 1984இல் ‘தி சென்டினல்’ ஆல்பமாக அது வந்தபோது தொடர் துண்டாடப்பட்டு, நடுவே வானொலிக்கு ஏற்ற பாட்டுகள் சொருகப்பட்டிருந்தன. யெஸ் குழுவின் பழைய தயாரிப்பாளர் எடி ஆஃபோர்டின் திறமையாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. தொடரை உரிய வரிசையில் கேட்க ரசிகர்கள் பின்னால் வந்த மறுபதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேடை கட்டியதை மதித்த ஆல்பம் நின்றது, மதிக்காத ஆல்பம் தடுமாறியது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இரண்டே ஆல்பங்களை வைத்துச் சட்டம் இயற்ற நான் துணியமாட்டேன். ஆனால் அந்த அலையில் இதைவிடத் தெளிவான இணைச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

என் வாதத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வெளியூர் மேடை இசையை வளர்த்தது. இசைக்கலைஞரின் வீட்டு அடுப்பை எரியவைக்க அதனால் முடியவில்லை. ட்வெல்ஃப்த் நைட் 1986இல் பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், விரைவிலேயே கலைந்தது. ஐக்யூவும் பெண்ட்ராகனும் சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கித்தான் நிலைத்தன. மண்டபங்களில் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களே, அதுவும் ஆண்களே நின்றார்கள். கேட்பவர் வட்டம் அதற்கு மேல் விரியவில்லை என்பது அந்த இசையின் உண்மையான குறை, அதற்கு மேடையின் பழக்கவழக்கமும் ஒரு காரணம். ஆனாலும் பணமில்லாமல் போன காலத்தில் மரில்லியனைக் காப்பாற்றியது எது என்று பாருங்கள். 1997இல், ஃபிஷ் விலகி ஸ்டீவ் ஹோகார்த் பாடகராகி ஆண்டுகள் பல ஆன பிறகு, கையில் காசில்லாததால் வட அமெரிக்காவுக்கு வர இயலாது என்று குழு சொன்னது. ரசிகர்கள் இணையத்தின் வழியே ஒன்றுகூடி ஏறத்தாழ 60,000 டாலர் திரட்டி, அவர்களைத் தங்கள் ஊர்களுக்கு வரவழைத்தார்கள். ஆல்பத்துக்கு முன்கூட்டியே பணம் வாங்கும் முறையைக் குழு அதற்குப் பிறகுதான், 2001இன் ‘அனோராக்னோஃபோபியா’வில் கையாண்டது, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டினார்கள். வரிசையைக் கவனியுங்கள்: ரசிகர்கள் தாமாக முன்வந்து முதலில் காசு போட்டது இசைத்தட்டுக்கு அல்ல, தங்கள் ஊரில் நடக்கவேண்டிய ஒரு கச்சேரிக்கு.

‘லைவ் அட் தி டார்கெட்’டையும் ‘லைவ் அண்ட் லெட் லிவ்’வையும் தேடிப்பிடித்து, அவற்றில் ‘சீக்வென்சஸ்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் நாம் போலந்துக்குப் போகிறோம். ஸ்ட்ரவுட் நகரத்துப் பெண்ட்ராகனைச் சொந்த நாட்டைவிட அதிகம் நேசித்த மண் அது.

ஏல்ஸ்பரியின் ஃப்ரையர்ஸ் மன்றம் 1984ஆம் ஆண்டின் முடிவோடு மூடப்பட்டது. ‘மிஸ்பிளேஸ்டு சைல்ட்ஹுட்’ 1985 ஜூனில் வெளிவந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.